கைமணமும் கல்வியும்

நுழையும்முன்

பசி தீர்க்கும் பணியைத் தமிழ்ச்சமூகம் அறமாகப் போற்றியது. ஆனால், அப்பணியைச் செய்யும் கைகளைத் தொழிலறிந்தோரின் கைகளாக மதித்ததா என்பது எண்ணிப்பார்க்க வேண்டிய வினா. பள்ளிப்படிப்பை முடித்தோர் முறையாகக் கற்று, உலகின் எப்பகுதிக்கும் சென்று பணியாற்றத்தக்க தொழிற்கல்வியாகச் சமையல் இன்று வளர்ந்துள்ளது. அக்கல்வியின் இயல்பையும் படிநிலைகளையும் வாயில்களையும் இப்பாடம் விளக்குகிறது.

மணிமேகலைக் காப்பியம், கற்கத்தக்க கலைகள் பலவற்றை நிரல்படுத்தும் இடத்தில் 'மடைநூல்' என்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. மடை என்பது சமைத்த உணவு; மடைநூல் என்பது சமையற்கலை பற்றிய நூல். கோவில்களில் உணவு ஆக்கும் இடம் இன்றும் மடைப்பள்ளி என்றே வழங்கப்படுகிறது. ஆடலையும் பாடலையும்போலச் சமைத்தலும் முறையாகக் கற்க வேண்டிய ஒன்று என்னும் எண்ணம் தமிழரிடம் பழங்காலத்திலேயே இருந்தமைக்கு இச்சொற்கள் சான்றாகும். ஆயினும், சுவையான உணவை உண்டவுடன் 'நல்ல கைமணம்' என்று பாராட்டி முடித்துவிடுவதே மக்களின் வழக்கமாக உள்ளது. அச்சொல் பாராட்டுத்தான், எனினும், அந்தக் கை எதனை, எத்தனை ஆண்டுகள் பழகியது என்பதை அது மறைத்துவிடுகிறது.

வீட்டுச் சமையலும் தொழிற்சமையலும்

வீட்டில் சமைப்பவர் ஐந்தாறு பேருக்குச் சமைக்கிறார். உண்பவரின் விருப்பும் வெறுப்பும் அவருக்குத் தெரியும். இன்று குழம்பில் உப்புக் கூடினால் நாளை குறைத்துக்கொள்ளலாம். தொழிற்சமையலில் இவ்வசதிகள் இல்லை. உண்பவர் யாரென்று சமைப்பவர் அறியார். சமைத்தவர் யாரென்று உண்பவரும் அறியார். ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இவ்விருவரையும் இணைப்பது நம்பிக்கை மட்டுமே. அந்நம்பிக்கையைக் காக்கும் வழிமுறைகளின் தொகுப்பே சமையற்கல்வி எனலாம்.

சமைக்கும் அளவு மாறும்போது முறையும் மாறுகிறது. பத்துப் பேருக்கான சாம்பாரை ஐந்நூறு பேருக்கு ஆக்க வேண்டுமெனில், எல்லாப் பொருள்களையும் ஐம்பதால் பெருக்கினால் போதாது. சிறிய பாத்திரத்தைவிட ஆழமான அண்டாவில், உள்ளிருக்கும் அளவோடு ஒப்பிட, ஆவியாகும் நீர் குறைவு. எனவே, நீரைக் குறைத்தே வார்க்க வேண்டும். உப்பையும் காரத்தையும் புளியையும் சிறிது சிறிதாகச் சேர்த்து, சுவை பார்த்து நிறுத்த வேண்டும். அடுப்பை அணைத்த பின்னரும் பெரிய அண்டாவில் வெப்பம் நெடுநேரம் தங்கும். ஆகவே, காய்கள் குழைவதற்கு முன்னரே அணைக்க வேண்டும். திருமண வீடுகளில் சமைத்த மூத்த சமையற்கலைஞர்கள் இவற்றை ஏட்டில் எழுதாமலேயே அறிந்திருந்தனர். அவர்களுடைய அறிவு உடன் வேலை செய்தோருக்கு மட்டுமே கிட்டியது. தொழிற்கல்வி அவ்வறிவை எடை, வெப்பநிலை, நேரம் ஆகியவற்றோடு எழுதிவைத்து, கற்க விரும்பும் எவருக்கும் உரியதாக்கியது.

ஓர் ஒழுங்கின் வரலாறு

உலகின் பெரிய உணவகங்கள் இன்று பின்பற்றும் சமையற்கூட அமைப்பிற்கு உருக்கொடுத்தவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த அகுஸ்த் எஸ்கோஃபியே (1846 – 1935). சிற்பியாக வேண்டும் என்பதே அவருடைய இளமைக்கால விருப்பம். ஆனால், 13ஆம் வயதில் நீஸ் நகரில் உறவினர் ஒருவர் நடத்திய உணவகத்தில் அவர் பணிக்குச் சேர்க்கப்பட்டார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் இடையே போர் மூண்டபோது படையில் சமையற்காரராகப் பணியாற்றினார். குறைந்த பொருளைக் கொண்டு பலருக்கு உணவளிக்கும் திறனையும் படையின் ஒழுங்கையும் அவர் அங்கே கண்டார்.

அக்காலச் சமையற்கூடங்கள் வெம்மையும் புகையும் கூச்சலும் நிறைந்தவை. வெப்பம் தாளாமல் பணியாளர்கள் மது அருந்துவதும் ஒருவரையொருவர் ஏசுவதும் இயல்பாக இருந்தன. 1890இல் இலண்டனின் சவாய் விடுதியில் சமையற்கூடத் தலைவராகப் பொறுப்பேற்ற எஸ்கோஃபியே, தம் கூடத்தில் மதுவையும் வசைமொழியையும் விலக்கினார். மதுவுக்கு மாற்றாகப் பார்லி நீரை வழங்கச் செய்தார். அவர் செய்த பெருமாற்றம், வேலையைப் பகுத்தளித்ததாகும்.

இம்மாற்றத்தைத் தமிழ்நாட்டு உணவகம் ஒன்றைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மசால் தோசை கேட்டவருக்கு ஒருவரே மாவு வார்த்து, கிழங்கு வேகவைத்து, சட்னி அரைத்துக் கொடுப்பாரெனில் காத்திருப்போர் பசியோடு எழுந்து சென்றுவிடுவர். தோசை மாஸ்டர் கல்லைப் பார்த்துக்கொள்கிறார். மசாலையும் சட்னியையும் வேறு கைகள் முன்னரே ஆயத்தம் செய்கின்றன. தட்டில் அவை ஒன்றுசேர்கின்றன. இவ்வாறே எஸ்கோஃபியே, குழம்புச்சாறு செய்வோர், இறைச்சி சுடுவோர், மீன் சமைப்போர், குளிர்ந்த உணவுகளை ஆயத்தம் செய்வோர், இனிப்பும் மாப்பண்டமும் செய்வோர் எனச் சமையற்கூடத்தைப் பிரிவுகளாக வகுத்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளரை அமர்த்தினார். 1903இல் வெளிவந்த அவருடைய சமையல் வழிகாட்டி நூல், பல தலைமுறைச் சமையற்கலைஞர்களுக்குப் பாடநூலாக விளங்கியது.

ஏறிச்செல்லும் படிகள்

'செஃப்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குத் தலைவர் என்பது பொருள். சமையற்கூடத் தலைவரைக் குறித்த தொடரின் சுருக்கமே அது. ஆகவே, சமைக்கத் தெரிந்த எவரும் செஃப் ஆகிவிடுவதில்லை. பல படிகளைக் கடந்தவரே அப்பெயருக்கு உரியவர்.

முதற்படியில் இருப்பவர் 'கமி' எனப்படும் இளநிலைச் சமையலர். வெங்காயம் உரிப்பது, கீரை ஆய்வது, எலும்புச்சாறு காய்ச்சுவது, பணியிடத்தைத் தூய்மை செய்வது ஆகியன அவருடைய பணிகள். இவற்றை எளிய வேலைகள் எனக் கருதுவது பிழை. நாள்தோறும் கூடைகூடையாகக் காய்களைக் கையாளும்போதுதான் முற்றலையும் இளசையும் கண்ணும் விரலும் தாமே பிரித்தறியத் தொடங்குகின்றன.

அடுத்த படியில் 'செஃப் டி பார்ட்டி' என்னும் பிரிவுப் பொறுப்பாளர் இருக்கிறார். தம் பிரிவிலிருந்து செல்லும் ஒவ்வொரு தட்டுக்கும் அவரே பொறுப்பு. நூறாவது தட்டும் முதல் தட்டின் சுவையோடும் தோற்றத்தோடும் செல்ல வேண்டும்.

அதற்கு மேல் 'சூ செஃப்' எனப்படும் துணைத்தலைவர். பிரிவுகளை ஒருங்கிணைப்பதும், பணியாளர்களுக்கு முறைநேரம் வகுப்பதும், தலைவர் இல்லாதபோது கூடத்தை நடத்துவதும் அவருடைய கடமைகள்.

உச்சியில் 'எக்ஸிகியூட்டிவ் செஃப்' எனப்படும் தலைமைச் சமையற்கலைஞர் உள்ளார். பெரிய விடுதிகளில் அவர் அடுப்பருகில் நிற்கும் நேரம் குறைவு. உணவுப்பட்டியல் வகுத்தல், கொள்முதல், செலவுக் கணக்கு, பயிற்சி, பாதுகாப்பு ஆகியவை அவர் பொறுப்பில் உள்ளன. சான்றாக, கிலோ 400 ரூபாய்க்கு வாங்கிய மீனைச் செதிலும் தலையும் குடலும் நீக்கியபின் 600 கிராம் மட்டுமே எஞ்சினால், சமைக்கத்தக்க மீனின் உண்மை விலை கிலோவுக்கு ஏறத்தாழ 667 ரூபாய் ஆகும். இக்கணக்கை அறியாதவர் எவ்வளவு சுவையாகச் சமைத்தாலும் உணவகம் நட்டத்தில் மூழ்கும். அதனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் வேலையிழக்கும்.

கை கற்கும் பாடங்கள்

பயிற்சியின் தொடக்கம் கத்தியே. காயை மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள சதுரத் துண்டுகளாகவும், அதே தடிமனுள்ள நீண்ட குச்சிகளாகவும் நறுக்க மாணவர்கள் மீண்டும் மீண்டும் பழக்கப்படுகின்றனர். இஃது அழகுக்காக மட்டும் அன்று. துண்டுகள் ஒரே அளவில் இருந்தால்தான் வெப்பம் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் பரவும். இல்லையெனில் சில கரியும், சில வேகாமல் நிற்கும். மழுங்கிய கத்தியைவிடக் கூரிய கத்தியே பாதுகாப்பானது என்பதும் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருப்பதால் அது வழுக்கிக் கையை வெட்டும்.

அடுத்தது ஆயத்தம். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே தேவையான பொருள்கள் அனைத்தையும் அளந்து, நறுக்கி, உரிய இடத்தில் வைக்கும் முறையைப் பிரெஞ்சு மொழியில் 'மீஸ் ஆன் ப்ளாஸ்' என்பர். 'எல்லாம் அதனதன் இடத்தில்' என்பது அதன் கருத்து. நெரிசல் மிகுந்த வேளையில் உப்பைத் தேடும் ஒரு நிமிடத்தில் வாணலியில் உள்ளது கருகிவிடும். முன்கூட்டிச் சிந்திக்கும் பழக்கமே இப்பயிற்சியின் பயன்.

எல்லாவற்றினும் முதன்மையானது உணவுப் பாதுகாப்பு. 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடைப்பட்ட வெப்பநிலை, நோய்க்கிருமிகள் பெருகுவதற்கு ஏற்ற இடர்மிகு எல்லையாகும். உகந்த சூழலில் சில நுண்ணுயிரிகள் ஏறத்தாழ 20 நிமிடத்திற்கு ஒருமுறை இருமடங்காகின்றன. அவ்வாறாயின், ஒரே ஒரு கிருமி நான்கு மணி நேரத்தில் நாலாயிரத்திற்கும் மேலாகப் பெருகிவிடும். வடித்த சோற்றை அறை வெப்பநிலையில் நெடுநேரம் வைத்திருந்தால் 'பேசில்லஸ் சீரியஸ்' என்னும் நுண்ணுயிரி பெருகி நஞ்சை உண்டாக்கக்கூடும். சோற்றை மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு முற்றிலும் அழிவதில்லை. இதனால்தான் சமைத்த உணவைச் சூடாகவே வைக்க வேண்டும் அல்லது விரைந்து குளிர்விக்க வேண்டும் என்னும் விதி வலியுறுத்தப்படுகிறது.

பச்சை இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், பச்சையாக உண்ணும் காய்கனிகளுக்குப் பச்சை என நறுக்குப்பலகைகளுக்கு நிறம் வகுத்திருப்பதும் கிருமி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமல் தடுப்பதற்கே. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006இன்படி உணவுத்தொழில் நடத்துவோர் பதிவோ உரிமமோ பெறுவது கட்டாயமாகும்.

கல்வியின் வாயில்கள்

இத்தொழிலுக்குள் நுழைய வழிகள் பல உள்ளன. முதலாவது, பட்டப்படிப்பு. இந்தியாவின் முதல் விடுதி மேலாண்மை மற்றும் உணவுத்தொழில்நுட்பக் கல்லூரி 1954இல் மும்பையில் தொடங்கப்பட்டது. சென்னையில் 1963இல் தோன்றிய நிறுவனம் இன்று தரமணியில் இயங்குகிறது. திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் மாநில அரசின் நிறுவனம் ஒன்று உள்ளது. நாடெங்கும் உள்ள இத்தகைய நிறுவனங்களின் பாடத்திட்டத்தை நெறிப்படுத்த, 1982இல் தேசிய அளவிலான மன்றம் ஒன்றை நடுவண் அரசு அமைத்தது. அதன்கீழ் உள்ள பட்டப்படிப்பில் சேரத் தேசியத் தேர்வு முகமை நுழைவுத்தேர்வு நடத்துகிறது. ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கொண்டு மேல்நிலைத் தேர்வில் வென்ற எப்பிரிவு மாணவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். படிப்பின் ஒரு பகுதியாக மாணவர்கள் பல வாரங்கள் விடுதிகளில் நேரடிப் பயிற்சி பெறுகின்றனர்.

இரண்டாவது, குறுகிய காலப் பயிற்சி. உணவு தயாரித்தல், அடுமனைத்தொழில் ஆகியவற்றில் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரையிலான பட்டய, சான்றிதழ்ப் படிப்புகள் உள்ளன. தொழிற்பயிற்சி நிலையங்களிலும் உணவு தயாரித்தல் ஒரு தொழிற்பிரிவாகக் கற்பிக்கப்படுகிறது. நீண்டகாலப் படிப்புக்குப் பொருள்வசதி இல்லாதோர்க்கு இவை ஏற்ற வாயில்கள்.

மூன்றாவது, வேலை செய்துகொண்டே கற்பது. ஜெர்மனியில் சமையற்கலைஞர் ஆக விரும்புவோர் மூன்றாண்டுகள் உணவகத்தில் ஊதியத்துடன் பயில்கின்றனர். அதே காலத்தில் தொழிற்பள்ளிக்கும் சென்று பாடம் கற்கின்றனர். தமிழ்நாட்டில் புரோட்டாக் கல்லருகே எடுபிடியாகச் சேர்ந்து மாஸ்டராக உயர்ந்தோர் பலர். அவர்களுடைய திறன் குறைந்ததன்று. ஆனால், அதனை மெய்ப்பிக்கும் சான்றிதழ் இல்லாமையால் பெரிய விடுதிகளிலும் வெளிநாடுகளிலும் அவர்களுக்குரிய இடம் எளிதில் கிடைப்பதில்லை. கைப்பழக்கத்தோடு கல்வியும் சேரும்போது அத்தடை நீங்குகிறது.

நத்தத்திலிருந்து நியூயார்க் வரை

கைமணமும் கல்வியும் ஒன்றுசேர்ந்தால் விளையும் பயனுக்கு விஜயகுமாரின் வாழ்க்கை தக்க சான்று. நத்தம் பகுதியைச் சேர்ந்த சிற்றூரில் உழவர் குடும்பத்தில் வளர்ந்த அவர், பொறியாளராக விரும்பினார். குடும்பத்தின் பொருள்நிலை அதற்கு இடந்தரவில்லை. ஆதலால், திருச்சிராப்பள்ளியில் உணவுத்தொழில்நுட்பம் பயின்றார். பின்னர்ச் சென்னையில் நட்சத்திர விடுதியிலும், அதனையடுத்துச் சுற்றுலாக் கப்பல்களிலும் பணியாற்றி, அமெரிக்கா சென்றார். 2021இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட 'செம்ம' என்னும் உணவகத்தின் தலைமைச் சமையற்கலைஞரானார். அவ்வுணவகம் 2022இல் மிச்செலின் நட்சத்திரம் பெற்றது. 2025ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையற்கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்டு விருது அவருக்கு வழங்கப்பட்டது. வேட்டி அணிந்து மேடையேறி அவ்விருதைப் பெற்றார்.

அவ்வுணவகத்தின் புகழ்பெற்ற உணவுகளுள் ஒன்று நத்தைப் பிரட்டல். வயலில் நத்தை பிடித்துச் சமைத்துண்பது சிற்றூர் மக்களின் வழக்கம். ஏழையர் உணவு என்று கருதி நகரத்து உணவகங்கள் பட்டியலில் சேர்க்கத் தயங்கிய ஒன்றை, உலகின் பெருநகரம் ஒன்றில் பெருமையுடன் பரிமாற அவரால் இயன்றது. அதன் சுவையை அவருக்குத் தந்தது ஊர். நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர்க்கு அதே சுவையில் அளிக்கும் திறத்தைத் தந்தவை கல்வியும் நீண்ட பயிற்சியும்.

தெரிந்து தெளிவோம்

பிரான்சு நாட்டின் மிச்செலின் டயர் நிறுவனம், மகிழுந்து ஓட்டுவோர்க்குப் பயன்படும் வழிகாட்டி நூல் ஒன்றை 1900இல் வெளியிட்டது. சிறந்த உணவகங்களுக்கு நட்சத்திரக் குறியிடும் வழக்கம் அந்நூலில் 1926இல் தொடங்கியது. மூன்று நட்சத்திரங்களே மிகவுயர்ந்த தகுதியாகும்.

மகளிரும் தொழிற்சமையலும்

வீட்டுச் சமையல் பெண்களின் கடமை என்று விதித்த சமூகம், ஊதியமும் புகழும் தரும் சமையற்கூடங்களை நெடுங்காலம் ஆண்களுக்கே உரியவையாக வைத்திருந்தது. இம்முரண்பாடு உலகெங்கும் காணப்பட்டது. அதனை மீறியவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் யூஜெனி பிராசியே. எளிய உழவர் குடும்பத்தில் பிறந்து, வீட்டு வேலைக்குச் சென்று சமையல் பழகிய அவர், 1933இல் தம் உணவகங்கள் இரண்டிற்கும் மும்மூன்று நட்சத்திரங்கள் பெற்றார். இந்தியாவின் கரிமா அரோரா, இதழியலிலிருந்து விலகிப் பாரீசில் சமையற்கலை பயின்றவர். பாங்காக் நகரில் அவர் நடத்திய உணவகம் 2018இல் மிச்செலின் நட்சத்திரம் பெற்றது. அச்சிறப்பை எய்திய முதல் இந்தியப் பெண் அவரே. வீட்டில் பெண்ணுக்கு மட்டும் சமையலைக் கற்பிப்பதும், தொழிலாக அதனை ஆணுக்கு மட்டும் உரியதாக்குவதும் இருபாலரின் வாய்ப்பையும் குறைப்பனவே.

உழைப்பும் பொறுப்பும்

தொலைக்காட்சியில் காணும் வெண்ணிறச் சீருடையும் அழகிய தட்டும் இத்தொழிலின் ஒரு பக்கமே. வெப்பம், நெடுநேரம் நின்றுகொண்டே செய்யும் வேலை, தீக்காயம், வெட்டுக்காயம் ஆகியவை அதன் மறுபக்கம். மற்றவர்கள் விழாக் கொண்டாடும் நாள்களே சமையற்கலைஞர்களுக்கு வேலை மிகுந்த நாள்கள். தொடக்க ஆண்டுகளில் ஊதியம் குறைவு. உயர்வு மெல்லவே வரும். இவற்றை அறிந்து தேர்ந்தெடுப்போரே இத்தொழிலில் நிலைத்து நிற்பர்.

நட்சத்திர விடுதி மட்டுமே இத்தொழிலின் களம் அன்று. மருத்துவமனையில் நோயாளியின் உடல்நிலைக்கேற்ப உப்பும் சர்க்கரையும் அளந்து சமைப்போர், அடுமனை நடத்துவோர், உணவுப்பொருள் நிறுவனங்களில் புதிய பண்டங்களை உருவாக்குவோர், சமையற்கல்லூரி ஆசிரியர்கள் எனக் களங்கள் பல. கடற்பயணத்தில் மாலுமிகளின் உடல்நலம் கப்பற் சமையலரைச் சார்ந்தது. ஆதலால், அவர் தக்க பயிற்சியும் தகுதியும் பெற்றிருக்க வேண்டும் எனக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006 வரையறுத்துள்ளது.

தமிழ்நாட்டின் பள்ளிகளில் 1956இல் மதிய உணவுத் திட்டமும், 1982இல் சத்துணவுத் திட்டமும், 2022இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டன. இவற்றுக்காக நாள்தோறும் அடுப்பேற்றுவோரும் பலருக்காகச் சமைப்போரே. அவர்களுடைய பெயர் எந்த விருதுப்பட்டியலிலும் இல்லை. ஆயினும், நியூயார்க்கின் சமையற்கூடத்தில் உள்ள விதிகளே இங்கும் உள்ளன: கை தூய்மையாக இருக்க வேண்டும், உணவு உள்வரை வேக வேண்டும், உரிய நேரத்தில் பரிமாறப்பட வேண்டும். ஒரு நாள் தவறினால் பாதிக்கப்படுவோர் பிள்ளைகள்.

எங்கே, யாருக்குச் சமைத்தாலும் பொறுப்பு ஒன்றே. அப்பொறுப்பை அறிவோடு ஏற்பதற்கான வழியே சமையற்கல்வி. கைமணம் அக்கல்வியின் தொடக்கமாகவும் இருக்கலாம். பல ஆண்டுப் பயிற்சியின் பயனாகவும் வந்து சேரலாம். தட்டில் உணவு வந்தமரும்போது, அதற்குப் பின்னால் நிற்கும் அறிவையும் உழைப்பையும் எண்ணிப் பார்க்கும் சமூகமே அத்தொழிலை உரிய இடத்தில் வைக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் பலருக்காகச் சமைக்கும் சமையற்கலைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் தொழில் கற்ற முறையைக் கேட்டறிந்து நேர்காணலாக எழுதுக.

2. உங்கள் வீட்டில் செய்யும் உணவு ஒன்றினைப் பொருள்களின் எடை, நேரம், செய்முறை ஆகியவற்றோடு, பிறர் படித்துச் செய்யத்தக்க குறிப்பாக எழுதுக.